மூன்று நாள் ஓடி நான்காம் நாள் மறுத்த எஞ்சின்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். மகன் பதினொரு ஆண்டுகள் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு, இனி ஊரிலேயே இருப்பது என்று முடிவெடுத்துத் திரும்பியிருக்கிறார். சேமிப்பில் ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கினார். அதற்குத் தரகர் ஒருவர் மூலம் பக்கத்து ஊர்க்காரரிடமிருந்து 72,000 ரூபாய் கொடுத்துப் பழைய எஞ்சின் ஒன்றையும் வாங்கினார். 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டுவது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை.

விலை பேசிய அன்று, விற்றவர் வீட்டு முற்றத்தில் தண்ணீர் டிரம்மில் வைத்து இழுத்தபோது இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியிருக்கிறது. ‘தம்பி இப்போதுதான் கடலிலிருந்து கொண்டுவந்தான்’ என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மூன்று நாட்கள் இவர் கடலுக்குப் போய் வந்தார். முதல் நாள் காலை ஆறு இழுப்பு, இரண்டாம் நாள் இருபதுக்கு மேல், மூன்றாம் நாள் அரை மணி நேரம். ஒவ்வொரு நாளும் கரை வந்ததும் கில் ஸ்விட்சை (எஞ்சினை நிறுத்தும் பொத்தானை) அழுத்தி நிறுத்தியிருக்கிறார். நான்காம் நாள் கிளம்பவே இல்லை. பிறகு பத்து நாள் எஞ்சின் கொட்டகையில் படுக்கையாகக் கிடந்திருக்கிறது.

இடையில், ஸ்கூட்டர் கடையில் வாங்கிய இரண்டு பிளக்குகளை மாட்டிப் பார்த்திருக்கிறார். ‘பழைய எஞ்சினுக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மடங்கு எண்ணெய் கலந்திருக்கிறார். எஞ்சினை வெறும் ஸ்டாண்டில் வைத்து, மேல் பிளக் துளையில் சிறிது பெட்ரோல் ஊற்றி இழுத்தபோது இரண்டு மூன்று முறை வெடித்து ஓய்ந்துவிட்டது. ஒரு மெக்கானிக் மூடியைக் கழற்றாமலே சிடிஐ (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது, 9,500 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது, போரிங் செய்ய (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்ய) 30,000 ரூபாய் ஆகும் என்கிறார். விற்றவர் கைபேசியை எடுப்பதில்லை. சிடிஐ வாங்குவதா, காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுப்பதா, இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு மறுபடியும் விமானம் ஏறுவதா என்று கேட்கிறார்.

அன்புள்ள தம்பி,

விமானம் ஏறுவது பற்றி இந்த வாரம் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அந்த 9,500 ரூபாயையும் இந்த வாரம் யாரிடமும் கொடுக்க வேண்டாம். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய விவரங்களைக் கோத்துப் பார்த்தால், உங்கள் எஞ்சின் செத்துவிட்டது என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை, செத்துவிடவில்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது.

உங்கள் கையிலேயே இருக்கும் சாட்சி

பிளக் துளையில் பெட்ரோல் ஊற்றி இழுத்தபோது எஞ்சின் வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வெடிப்பதற்கு எரிபொருள், தீப்பொறி, அழுத்தம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். எரிபொருளை நீங்கள் கையால் கொடுத்தீர்கள். மற்ற இரண்டையும் எஞ்சின் தானே கொடுத்திருக்கிறது. ஆகவே மேல் சிலிண்டரில் தீப்பொறி வருகிறது. அங்கே எரியும் அளவுக்கு அந்த அழுத்தமும், அதாவது கம்ப்ரஷனும், இருக்கிறது. சிடிஐ முழுவதுமாகப் போயிருந்தால் அந்த இரண்டு மூன்று வெடிப்புகளும் வந்திருக்காது. கீழ் சிலிண்டரைப் பற்றி இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஊற்றிய பெட்ரோல் தீர்ந்தவுடன் எஞ்சின் ஓய்ந்தது என்றால், என் சந்தேகம் முதலில் போவது தொட்டியிலிருந்து கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) வரையிலான எரிபொருள் வழியின் மீதுதான்.

இரண்டாவது சாட்சி, இழுப்புகளின் எண்ணிக்கை ஆறு, இருபது, அரை மணி நேரம் என்று ஏறியது. நிறுத்தும்போது மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. கரை வந்ததும் கில் ஸ்விட்சை அழுத்தினேன் என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மாலையும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றிருக்கிறது; மறுநாள் விடியற்காலையில், எஞ்சின் சில்லிட்டிருக்கும் நேரத்தில், அந்த மண்ணெண்ணெயை வைத்தே கிளப்ப முயன்றிருக்கிறீர்கள்.

பெட்ரோல் நம் ஊரின் எந்தக் குளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியைத் தரும். நம் கரையில் விடியற்காலை வெப்பம் அதைவிட நன்றாகவே குறைவு. அதனால் சில்லிட்ட எஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் எரியாமல் பிளக்கின் நுனியை நனைக்கும். நனைந்த பிளக் பொறி விடாது. மேலும் இழுத்தால் மேலும் நனையும். மூன்று நாளில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனதற்கு இந்த ஒரு காரணமே போதும். இரண்டு மடங்கு எண்ணெய் கலந்தது அதை இன்னும் கடினமாக்கியிருக்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்த பழக்கம் என்பதாலேயே, உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்த பதினொரு ஆண்டுகளில் விட்டுப்போனவற்றில் இதுவும் ஒன்று.

கழற்றுவதற்கு முன்

விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கைபேசியை எடுங்கள். எஞ்சினை நான்கு பக்கமும், மூடியைக் கழற்றி உள்பக்கமும் படம் எடுங்கள். வள்ளத்தில் மாட்டும் கிளாம்ப் பகுதியில் உள்ள தகட்டில் வரிசை எண் இருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுத்து, விற்றவர் கொடுத்த ரசீதிலோ பழைய பில்லிலோ உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தாலோ எண் சுரண்டப்பட்டிருந்தாலோ அது பழுதுபார்க்கும் விஷயம் அல்ல. வேறு எதையும் செய்வதற்கு முன் காவல் நிலையத்திற்குப் போக வேண்டிய விஷயம்.

பிறகு கண்ணால் தேட வேண்டியது ஒன்று உண்டு: இந்த எஞ்சின் எப்போதாவது கடலில் மூழ்கியதா என்பது. உங்கள் கரையில் அலை முறியும் இடத்தைக் கடந்துதான் வள்ளம் கரையேற வேண்டும்; அங்கே வள்ளம் கவிழ்ந்தால் எஞ்சினும் மூழ்கும். மூழ்கிய எஞ்சினைச் சில மணி நேரத்திற்குள் நன்னீரில் கழுவி, சிலிண்டரிலிருந்து நீரை வெளியேற்றி, எண்ணெய் ஊட்டி ஓட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அப்படிச் செய்யாமல் காற்றுப்பட வைத்துவிட்டால் கிராங்க் பேரிங்குகள் (பிஸ்டன் சுழற்றும் தண்டைத் தாங்குபவை) துருப்பிடித்து, சில வாரமோ சில மாதமோ ஓடிவிட்டு ஒரு நாள் நடுக்கடலில் இறுகிவிடும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அப்படி மூழ்கிய எஞ்சின்கள் பலவற்றைத் திறந்து பார்த்தவன் நான். வெளியே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். உள்ளே ஃபிளைவீல் என்ற மேல் சக்கரத்தின் அடியிலும், கம்பிகள் சேரும் இணைப்பிகளிலும், போல்ட்டுகளின் மரையிலும் வெள்ளைப் பொடியும் மண்ணும் அப்படியே இருக்கும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, உள்ளே கரகரப்பு கேட்கிறதா, ஒரு இடத்தில் மட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் உணருங்கள்.

எஞ்சின் பத்து நாள் படுக்கையாகக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பகுதி தாழ்வாகவும் புரொப்பல்லர் பக்கம் மேடாகவும் கிடந்திருந்தால், புகைபோக்கும் வழியில் தங்கிய உப்புநீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே கயிற்றை வேகமாக இழுக்கும் முன் இரண்டு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுழற்றி, துளையிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இனிமேல் எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள்.

கயிறே இழுபடவில்லை என்றால் பயப்படும் முன் கியரைப் பாருங்கள். பல மாதிரிகளில் கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் கயிறு பூட்டிக்கொள்ளும்.

தீப்பொறியைச் சோதிக்கும் முறை

முதலில் கில் ஸ்விட்சின் கிளிப் (ஓட்டுகிறவரின் உடம்போடு கயிற்றால் இணைக்கும் சிறு துண்டு) தன் இடத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கிளிப் வெளியே வந்திருந்தால் தீப்பொறிக்கான மின்சாரம் முழுவதும் எஞ்சின் உடம்புக்குள் இறங்கிவிடும். நாள் முழுக்க இழுத்தாலும் கிளம்பாது. உப்புப் பூத்த கில் ஸ்விட்ச், கிளிப் உள்ளே இருக்கும்போதும் அதே வேலையைச் செய்யும். ஆயிரக்கணக்கில் செலவழித்து சிடிஐ மாற்றியும் கிளம்பாமல் என்னிடம் வந்த எஞ்சின்களில், ஸ்விட்சைச் சுத்தம் செய்தவுடன் கிளம்பியவை ஒன்றிரண்டு அல்ல.

ஸ்கூட்டர் கடைப் பிளக்குகளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். மரை பொருந்தினால் போதாது. மரையின் நீளம் கூடினால் பிளக்கின் நுனி பிஸ்டனில் இடித்து எஞ்சினையே கெடுக்கும். பிளக்கின் வெப்ப எண் (சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்பதைக் குறிப்பது) மாறினால் கரி பிடிக்கும் அல்லது பிஸ்டன் தலை உருகும். எஞ்சின் கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி அதே பிளக்குகளை வாங்குங்கள். இடைவெளி அளவும் கையேட்டிலேயே இருக்கும்.

சோதனையை நிழலிலோ அந்தி நேரத்திலோ செய்யுங்கள். சிந்திய எரிபொருளை எல்லாம் துடைத்து, பெட்ரோல் கேனை அப்புறப்படுத்திவிட்டு, பிளக் துளைகளைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். புதுப் பிளக்கைக் கேப்பில் (பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியின் முனையில்) செருகி, அதன் உலோக உடல் எஞ்சின் உலோகத்தில் அழுந்தித் தொடும்படி வைத்து, ஒருவர் கயிறை இழுக்க இன்னொருவர் பாருங்கள். பார்க்கிறவர் பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது. ரப்பர் பிடியுள்ள இடுக்கி வேண்டும். நீலமாக, ‘டிக்’ என்று கேட்கும்படி பொறி விழ வேண்டும். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் அது நல்ல பொறி அல்ல. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அப்போது மற்ற பிளக்கின் கேப்பையும் வெறுமனே தொங்க விடாமல், அதிலும் ஒரு பிளக்கைச் செருகி எஞ்சின் உடம்பில் தொடும்படி வையுங்கள். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் சிடிஐயையே கெடுக்கும். நன்றாக இருந்த சிடிஐ சோதனையில் போவது இப்படித்தான்.

இரண்டிலும் நல்ல பொறி இருந்தால் சிடிஐ பேச்சு அத்தோடு முடிந்தது. ஒன்றில் மட்டும் இல்லை என்றால் முதலில் அந்தக் கேப், பிறகு அந்தக் கம்பி, பிறகு காயில் (உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் கம்பிச்சுருள்). இரண்டிலுமே இல்லை என்றால் கில் ஸ்விட்சுக்குப் போகும் கம்பியை இணைப்பியில் பிரித்துவிட்டு மறுபடி பாருங்கள்; பொறி வந்துவிட்டால் பழுது ஸ்விட்சில்தான். சோதனைக்குப் பிரித்த அந்தக் கம்பியை மறக்காமல் மாட்டுங்கள். கில் ஸ்விட்ச் இல்லாத எஞ்சினோடு கடலுக்குப் போகிறவர் தவறி நீரில் விழுந்தால், வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும்; சுற்றித் திரும்பி அவர் மீதே ஏறவும் செய்யும்.

இவற்றுக்குப் பிறகும் பொறி இல்லை என்றால்தான் ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள காயில்களையும் சிடிஐயையும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அதற்கு அளவெண்கள் தெரிந்த மெக்கானிக் வேண்டும். மீட்டர் வைக்காமல் சிடிஐ என்று சொல்கிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கம்ப்ரஷன்: பணத்தை முடிவு செய்யும் எண்

ரிங் தேய்ந்துவிட்டது என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. கம்ப்ரஷன் கேஜ் என்ற கருவி இரு சக்கர வாகனப் பட்டறைகளிலும் கிடைக்கும். ஒரு நாள் இரவல் கேளுங்கள். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, கேப்புகளை முன் சொன்னபடி எஞ்சின் உடம்போடு சேர்த்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் திறந்து வைத்து, ஊசி மேலே ஏறுவது நிற்கும் வரை நாலைந்து முறை நன்றாக இழுங்கள். மேல், கீழ் இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குரிய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் எஞ்சினை அளந்துவிட்டு, ‘குறைவாக இருக்கிறது, ரிங் போய்விட்டது’ என்று சொல்லிவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் எளிதில் தட்டல் எடுக்கும் (அழுத்தத்தில் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும்) எரிபொருள் என்பதால், மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைத் தயாரிப்பாளர்களே குறைந்த கம்ப்ரஷனோடுதான் செய்கிறார்கள். ஆகவே உங்கள் மாதிரியின் கையேட்டு எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது. வேறுபாடு பத்து சதவீதத்திற்குள் இருந்தால் இந்த எஞ்சினில் பணம் போடலாம். பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால், குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் சட்டென்று ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டையும் (சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களும் 60 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அழுத்த அலகு) அளவைக்கூடத் தொடவில்லை என்றால், கார்புரேட்டரைச் சுத்தம் செய்து பயனில்லை.

30,000 ரூபாய் போரிங் பற்றி என் கருத்து இது. சிலிண்டரைத் திறந்து பார்த்து, கிராங்க் பேரிங்குகள் துருவின்றி வழுவழுப்பாகச் சுழன்றால் மட்டும் அந்தச் செலவு தகும். பேரிங்கில் துரு இருந்தால் போரிங் செய்வது கரையான் அரித்த உத்தரத்தின் மேல் புது ஓடு வேய்வது போலத்தான். அப்போது எஞ்சினைப் பாகங்களாக விற்றுவிட்டு, கிடைத்ததை இன்னொரு எஞ்சினில் போடுவதே லாபம். கியர் பகுதி, புரொப்பல்லர், கார்புரேட்டர், காயில் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஆள் உண்டு. மொத்தமாக இரும்பு விலைக்குப் போடுவது எந்த நிலையிலும் நஷ்டம்.

எரிபொருள் வழி

பழுது இருக்கும் என்று நான் நம்பும் இடத்திற்கு வருகிறேன். தொட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்கிய இரண்டு லிட்டர் பெட்ரோலில் கையேடு சொல்லும் விகிதத்தில் எண்ணெய் கலந்து தொடங்குங்கள். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த விகிதம் மாறும் என்பதால் பக்கத்து வள்ளக்காரரின் அளவைப் பின்பற்ற வேண்டாம். கூடுதல் எண்ணெய் பழைய எஞ்சினைக் காப்பாற்றாது. பிளக்கையும் ரிங்கையும் கரியால் அடைக்கும்.

பெட்ரோலைப் பற்றி இன்னொன்று. இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் அரைத் தொட்டியாக வாரக்கணக்கில் வைத்திருந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடி நீரைத்தான். உங்களைப் போலக் கிளப்புவதற்கு மட்டும் பெட்ரோல் பயன்படுத்துகிறவர்களின் தொட்டியில் அது நெடுநாள் தங்கும். இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் இளக்கிவிடும். குழாயை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, குழாயில் உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். சில அழுத்தல்களில் பம்பு கல் போல் இறுக வேண்டும். இறுகவே இல்லை என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது, அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் எரிபொருள் வழிகிறது. அடுத்து கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். மண்ணெண்ணெயை மணமே காட்டிக்கொடுக்கும். சுத்தமான பெட்ரோல் கலவை வரும் வரை வடித்துவிட்டு, காய்ந்த புதுப் பிளக்குகளை மாட்டி, தண்ணீர் நிரம்பிய டிரம்மில் வைத்துச் சோக்கோடு இழுங்கள். டிரம்மில் நீர்மட்டம் புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டையான தகட்டுக்கு மேல் நிற்க வேண்டும். வெறும் ஸ்டாண்டில் வைத்து இழுத்ததாக எழுதியிருக்கிறீர்கள்; அப்போது கிளம்பாமல் போனது நல்லதாயிற்று. தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் ஓடினாலே நீர்பம்பின் ரப்பர் இம்பெல்லர் பாழாகத் தொடங்கிவிடும்.

இந்த அளவிலேயே உங்கள் எஞ்சின் கிளம்பிவிடலாம் என்று எதிர்பார்க்கிறேன். கிளம்பாவிட்டால், கார்புரேட்டரின் வாயில் எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சிரிஞ்சால் சில துளிகள் விட்டு இழுங்கள். சில வினாடி ஓடி நின்றால் ஜெட்டுகள் (எரிபொருள் போகும் நுண்துளைகள்) அடைத்திருக்கின்றன, அல்லது எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஜெட் துளைக்குள் இரும்புக் கம்பியை விடவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். கிளீனரும் காற்றும் போதும். மிஞ்சினால் மெல்லிய தூண்டில் நைலான் நரம்பு. ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பேரிங்குகளுக்கு எரிபொருளோடு வரும் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது. அந்த ஸ்பிரே அதையும் கழுவிவிடும்.

கிளம்பிய பிறகு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஐந்து நிமிடமாவது ஓடிச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். திரும்பும்போது கரைக்குச் சற்று முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் உள்ள மண்ணெண்ணெய் தீரும் வரை ஓட்டி, பிறகு நிறுத்த வேண்டும். அலை முறியும் இடத்தில் நின்றுகொண்டு இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். மாற்றும்போது எஞ்சின் ஒருமுறை இருமினால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். வெளியே அமைதியான நீரிலேயே மாற்றிவிட்டு உள்ளே வாருங்கள். வலை இழுக்கும்போது மண்ணெண்ணெயில் நெடுநேரம் மெதுவாக ஓட விடுவதும் பிளக்கை நனைக்கும். கரையேறியதும் நன்னீரில் ஓட்டிக் கழுவுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்பது

இந்தப் பகுதியை வழக்கறிஞர் ஒருவரிடம் கலந்து எழுதுகிறேன். எஞ்சின் கிளம்பவில்லை என்பது மட்டும் ஏமாற்றுக் குற்றம் ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். மூன்று நாள் ஓடிய எஞ்சினை வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது கடினம். விற்றவர் கிளப்பிக் காட்டியது ஏற்கெனவே சூடாக இருந்த எஞ்சினை என்பது உண்மை. சூடான எஞ்சின் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் கடலிலிருந்து இப்போதுதான் வந்தது என்று அவர் மறைக்காமல் சொல்லியும் இருக்கிறார். பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர் மூடியில் கைவைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்வது நம்முடைய பொறுப்பு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும், சில விதிவிலக்குகள் தவிர, தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குகிறவர் மேல்தான் வைக்கிறது.

நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாமா என்பது விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் உங்களை நுகர்வோர் அல்ல என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆனால் விற்றவர் பழைய எஞ்சின்களை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவராக இருக்க வேண்டும். தன் சொந்த எஞ்சினை ஒருமுறை விற்ற மீனவர் என்றால் அந்த வழி அநேகமாக அடைபட்டது. வியாபாரி என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் கேட்கலாம்.

விற்றவர் சாதாரண மீனவராகவே இருந்து, எஞ்சினைத் திறக்கும்போது மூழ்கிய தடயம் தெரிந்து, ‘ஒருமுறைகூடத் தண்ணீரில் விழுந்ததில்லை’ என்று அவர் சொன்னதற்குத் தரகர் சாட்சி என்றால், உங்கள் நிலை மாறுகிறது. பொய் சொல்லி விற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. அப்போது பதிவுத் தபாலில், தேதிகளோடும் மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கையோடும் படங்களோடும் ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் பகுதியில் அதற்கும் முன்னதாக ஊர்க் கமிட்டியின் முன்போ பங்குத்தந்தையின் முன்போ இருவரும் உட்கார்ந்து பேசுவதுதான் விரைவான வழி என்பதை நீங்களே அறிவீர்கள். அங்கே போகும்போது கோபத்தோடு போவதைவிட, இரண்டு கம்ப்ரஷன் எண்களும் பேரிங்கின் படமும் கையில் இருக்கப் போவது நல்லது. டம்ளரில் மண்ணெண்ணெய் மட்டுமே வந்து, புதுப் பெட்ரோலில் எஞ்சின் கிளம்பிவிட்டால், அவரைப் பற்றி இதுவரை வெளியே எதுவும் பேசியிருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எஞ்சின் மானியத்தில் வாங்கியதாக இருந்தால், அதை மற்றவருக்கு விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பெயர் மாற்றத்தையும் முடித்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகும் நாள்

டிரம்மில் கிளம்பியது என்பதற்காக மறுநாளே தொலைவு போக வேண்டாம். தொடர்ந்து ஐந்து காலைகள், இரவெல்லாம் சில்லிட்டிருந்த எஞ்சினை டிரம்மில் வைத்துக் கிளப்பிப் பாருங்கள்; எத்தனை இழுப்பு என்பதை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். மூன்று நான்கு இழுப்புக்குள் கிளம்பி, குளிர்நீர் வெளியேறும் துளையில் நீர் விடாமல் பீச்சியடித்தால், பிறகு கரை தெரியும் தூரத்தில், இன்னொரு வள்ளத்தின் துணையோடு இரண்டு நாள் போங்கள். துடுப்பும் நங்கூரக் கயிறும் உபரிப் பிளக்குகளும் பிளக் ஸ்பேனரும் வள்ளத்திலேயே இருக்கட்டும். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் உங்கள் கைபேசியிலும் வீட்டில் இருக்கிறவர்களின் கைபேசியிலும் பதிந்திருக்கட்டும்.

ஐந்து நாள் இழுப்பு எண்ணிக்கையையும், மேல் கீழ் சிலிண்டர்களின் இரண்டு எண்களையும், டம்ளரில் என்ன வந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், ஹெட்டைத் திறக்கும் முன் எழுதுங்கள்.